கழிவுக் கச்சா எண்ணெய் நிலையங்களுக்கான மாநில அனுமதி விதிகள் எதைக் காக்க எழுதப்பட்டவை?

இழையைத் தொடங்கியவர் (அனுமதி விண்ணப்பப் பொறியாளர், யூட்டா)

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், யூயின்டா வடிநிலத்தில், கழிவுக் கச்சா எண்ணெயைப் பதப்படுத்தும் நிலையம் ஒன்றுக்கு அனுமதி விண்ணப்பம் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. இதற்கு முன் உப்புநீர் உட்செலுத்துக் கிணறுகளுக்கு விண்ணப்பங்கள் எழுதியிருக்கிறேன். இந்த வகை நிலையத்துக்கு எழுதுவது இதுவே முதல்முறை.

இத்துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிணற்றிலிருந்து வரும் எண்ணெயோடு நீரும் மணலும் மெழுகும் சேர்ந்தே வருகின்றன. தொட்டியில் அவை நாளடைவில் அடியில் தங்கிக் கெட்டியான வண்டலாகின்றன. யூயின்டாவின் எண்ணெயோ மெழுகு மிகுந்தது. சாதாரண வெப்பநிலையிலேயே உறைந்துவிடும் என்பதால் தொட்டியையும் லாரியையும் சூடாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இங்கே அடிவண்டலுக்குக் குறைவே இல்லை. அதைச் சூடாக்கி, எண்ணெயும் நீரும் பிரியாமல் கலந்து நிற்கும் பால்மத்தை உடைக்கும் வேதிப்பொருள் சேர்த்து, படியவிட்டோ மையவிலக்கியில் சுழற்றியோ எண்ணெயைப் பிரித்தெடுத்து விற்பதுதான் இந்நிலையங்களின் தொழில்.

என் ஐயம் இதுதான். யூட்டா எண்ணெய், எரிவாயு, சுரங்கப் பிரிவின் விதிகளில், விற்க இயலாத கழிவுக் கச்சா எண்ணெயை முழுமையாகவோ பகுதியாகவோ மீட்டு, பதப்படுத்தி, தூய்மையாக்கி, எவ்வகையிலேனும் விற்பனைக்கு உகந்ததாக்கும் இடமே இத்தகைய நிலையம் என்று வரையறை சொல்கிறது. இந்த நிலையங்களுக்கான பகுதியோ கழிவு மேலாண்மையைப் பற்றிய ஆர்649-9 என்ற விதிப்பகுதியில் இல்லை. எரிவாயு பதப்படுத்தும் ஆலைகளோடு சேர்த்து ஆர்649-6இல் வைக்கப்பட்டிருக்கிறது. வரையறை முழுவதும் விற்பனையைச் சுற்றியே நிற்கிறது. மண்ணையோ நிலத்தடி நீரையோ அது தொடவில்லை. கழிவைக் கையாளும் ஓர் இடத்தை ஏன் ஆலையாக மட்டும் பார்த்திருக்கிறார்கள்? இந்த நோக்கைப் புரிந்துகொள்ளாமல் விண்ணப்பத்தை எழுதினால், கேட்டதற்கு மட்டும் விடை சொல்லிவிட்டு, உண்மையான ஆபத்தைத் தொடாமலே போய்விடுவேனோ என்று அஞ்சுகிறேன்.

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற வயல் பொறியாளர், டெக்சாஸ்)

நல்ல கேள்வி, தம்பி. இதற்கு விடை 1930களில் இருக்கிறது.

1930 அக்டோபரில் கிழக்கு டெக்சாஸ் வயல் கண்டுபிடிக்கப்பட்டபின், எண்ணெய் வெள்ளமாகப் பாய்ந்து, மறு ஆண்டிலேயே விலை பீப்பாய்க்கு 10 சென்ட் அளவுக்கும் சரிந்தது. டெக்சாஸ் ரயில்ரோடு ஆணையம் (பெயர் அப்படியென்றாலும், மாநிலத்தில் எண்ணெயைக் கட்டுப்படுத்துவது அதுதான்) ஒவ்வொரு கிணற்றுக்கும் உற்பத்தி வரம்பு விதித்தது. வரம்பை மீறி எடுக்கப்பட்ட எண்ணெய்க்குச் ‘சூடான எண்ணெய்’ என்று பெயர். அதைச் சந்தைக்குக் கொண்டுபோக ஒரு பெயர் தேவைப்பட்டது. நல்ல எண்ணெயைத் தொட்டி அடிவண்டல் என்றும், குழியில் தேங்கியது என்றும், ஓடையில் கசிந்து சேர்ந்தது என்றும் எழுதிவிட்டால், மீட்பு நிலையம் அதைச் ‘சுத்தம்’ செய்து விற்றுவிடலாம். வண்டல் எவ்வளவு, அதிலிருந்து வந்த எண்ணெய் எவ்வளவு என்று கணக்குக் கேட்பாரில்லாத இடம் அது. 1935 ஜனவரியில் பனாமா ரிஃபைனிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சூடான எண்ணெயை மாநிலம் கடந்து கொண்டுபோவதற்கான கூட்டாட்சித் தடையைச் செல்லாததாக்கியதும், அடுத்த மாதமே அந்தத் தடையை மீண்டும் கொண்டுவரக் கானலி சூடான எண்ணெய்ச் சட்டம் இயற்றப்பட்டதும் இந்தப் போராட்டத்தின் பகுதிகளே.

ஆகவே மீட்பு நிலையங்களை அனுமதிக்குள் கொண்டுவந்தவர்களின் மனத்தில் இருந்தது பீப்பாய்க் கணக்கு. உள்ளே வந்த ஒவ்வொரு சுமையும் எந்த இடத்திலிருந்து வந்தது, யார் எடுத்துவர ஒப்புதல் தந்தார், வெளியே போனது எவ்வளவு என்று மாதந்தோறும் எழுதித் தரச் சொல்வது அந்தக் காலத்தின் வழக்கம். வடக்கு டகோட்டாவின் வரையறையை எடுத்துப் பாருங்கள். அடிவண்டலையும் பிற கழிவு எண்ணெயையும் விற்பனைக்கு உகந்ததாக்கும் ஆலை என்ற சொற்கள் ஏறக்குறைய அப்படியே அங்கேயும் இருக்கும். நியூ மெக்சிகோவிலும் இருக்கும். ஒரே அச்சிலிருந்து வார்த்தவை போல அவை இருப்பதற்குக் காரணம் இந்தப் பொதுப் பிறப்பே என்பது என் கருத்து.

இப்போது நிலைமை நகர்ந்துவருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். டெக்சாஸில் மீட்பு நிலையங்களுக்கு விதி 57 என்ற தனி விதி நெடுங்காலம் இருந்தது. ஆணையம் எண்ணெய் வயல் கழிவு விதிகளை முழுமையாகத் திருத்தி 2024 டிசம்பரில் ஏற்றுக்கொண்டு, 2025 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்தியபோது, இந்நிலையங்களும் கழிவு மேலாண்மைக்கான 4ஆம் அத்தியாயத்துக்குள் வந்துவிட்டன. ஆலை என்ற பெயரிலிருந்து கழிவு நிலையம் என்ற பெயருக்கு வந்துசேர இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

மறுமொழி 2 (சுற்றுச்சூழல் சட்ட ஆலோசகர், கொலராடோ)

ஐயா சொன்ன வரலாற்றோடு இன்னொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மாநில விதிக்கு இத்தனை எடை வந்ததே கூட்டாட்சி விதி ஒதுங்கிக்கொண்டதால்தான்.

1976ஆம் ஆண்டின் வளப் பாதுகாப்பு மற்றும் மீட்புச் சட்டம் அபாயக் கழிவுக்குப் பிறப்பு முதல் இறுதி வரை கட்டுப்பாடு விதிக்கிறது. ஆனால் 1980இல் வந்த திருத்தம், துளையிடும் சேறு, கிணற்றோடு வரும் நீர், எண்ணெய்-எரிவாயு ஆய்விலும் உற்பத்தியிலும் எழும் பிற கழிவுகள் ஆகியவற்றை அபாயக் கழிவுப் பிரிவிலிருந்து தற்காலிகமாக விலக்கி, ஆய்ந்து முடிவுசெய்யும்படி சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையைப் பணித்தது. 1988 ஜூலையில் முகமை, அபாயக் கழிவுப் பிரிவின் கீழ் இவற்றைக் கொண்டுவரத் தேவையில்லை என்று அறிவித்தது. அதன்பின் 1993 மார்ச்சில் வெளியான விளக்கம்தான் உங்களுக்கு மிகவும் வேண்டியது. ஏனெனில் கச்சா எண்ணெய் மீட்பாளர்களைப் பற்றி அது நேரடியாகவே பேசுகிறது. விலக்குப் பெற்ற அடிவண்டலைப் பதப்படுத்தியபின் மிஞ்சும் கசடு பொதுவாக விலக்கைத் தக்கவைத்துக்கொள்ளும். ஆனால் நிலையத்தைக் கழுவப் பயன்படுத்திய கரைப்பான், வண்டிப் பட்டறையின் எண்ணெய் போன்றவை உற்பத்தியில் பிறந்தவை அல்ல. அவற்றுக்கு விலக்கு இல்லை.

இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. விலக்கு, கழிவு எங்கே பிறந்தது என்பதைப் பார்க்கிறது. அதன் குணத்தைப் பார்ப்பதில்லை. ஒரே மாதிரியான மூன்று தொட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது கிணற்றடியில் இருக்கிறது. அதன் வண்டல் விலக்குக்குள் வரும். இரண்டாவது குழாய் நிறுவனத்தின் முனையத்தில், எண்ணெய் கைமாறிய பிறகு நிற்கும் தொட்டி. அதன் வண்டல் போக்குவரத்தில் பிறந்தது என்பதால் விலக்கு இல்லை, சோதித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். மூன்றாவது சுத்திகரிப்பு ஆலையின் கச்சா எண்ணெய்த் தொட்டி. அதன் வண்டல் 1998 முதல் கே169 என்ற எண்ணில் பெயர் குறித்தே அபாயக் கழிவாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. மூன்றையும் கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ பிரித்தறிய முடியாது. உங்கள் வாசலுக்கு வரும் ஒவ்வொரு லாரிக்கும் மூலச் சான்று கேட்பது இதற்காகவே. காகித வேலையைப் பெருக்குவதற்காக அல்ல.

2016இல் ஒரு வழக்கின் உடன்பாட்டின்படி முகமை மீண்டும் ஆராய்ந்தது; 2019 ஏப்ரலில், இக்கழிவுகளுக்கெனக் கூட்டாட்சி விதியைத் திருத்தத் தேவையில்லை, மாநிலத் திட்டங்கள் போதும் என்று முடித்துக்கொண்டது. ஆகவே நம் நிலத்தடி நீருக்குக் காவல் எது என்று கேட்டால், பெரும்பாலும் அந்த மாநில அனுமதித் தாள்தான்.

இழையைத் தொடங்கியவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மூன்று தொட்டிகளின் எடுத்துக்காட்டு எனக்குப் பெரிதும் உதவியது. அடுத்த ஐயம்: மூலச் சான்று மட்டும் போதுமா, வாசலிலேயே சோதனையும் செய்ய வேண்டுமா? பயன்படுத்திய எஞ்சின் எண்ணெயை யாரேனும் சேர்த்து அனுப்பினால் எப்படிக் கண்டுபிடிப்பது?

மறுமொழி 3 (நிலைய இயக்குநர், பெயர் வேண்டாம்)

போதாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பொறுப்பில் இருந்த நிலையத்துக்கு, வழக்கமான சரக்குச் சீட்டோடு ஒரு லாரி வந்தது. அடிவண்டல் என்று எழுதியிருந்தது; கையொப்பமும் இருந்தது. அன்று ஆள் குறைவு. மாதிரிக் குழாயில் நீரும் வண்டலும் எவ்வளவு என்று மட்டும் சுழற்றிப் பார்த்துவிட்டு, 400 பீப்பாய்த் தொட்டி ஒன்றில் இறக்கினோம். அன்று மாலையே தொட்டியின் மேல் மூடியருகே ஏறிய ஊழியர், இது எண்ணெய் வாடை இல்லை என்று இறங்கி வந்து சொன்னார். யாரோ பட்டறைக் கரைப்பானை அந்தச் சுமையில் கலந்திருந்தார்கள். தொட்டி முழுவதையும் பூட்டி வைத்து, மாதிரிகளை அனுப்பி, முடிவு வரும்வரை பல வாரங்கள் அதைத் தொட முடியவில்லை. லாரிக்காரரைக் குற்றம் சொல்வதைவிட என்னையே குற்றம் சொல்கிறேன். அந்த ஊழியருக்கு எதுவும் ஆகாமல் போனது எங்கள் நல்லூழ். எங்கள் நடைமுறையால் அல்ல.

அதன்பின் நாங்கள் கடைப்பிடித்த முறை இது. எந்தச் சுமையும் நேராகப் பெரிய தொட்டிக்குப் போகாது. முதலில் சிறிய தனித் தொட்டியில் இறங்கும். அங்கேயே ஹைட்ரஜன் சல்ஃபைடு, தீப்பற்று நிலை, மொத்த ஆலசன் (குளோரின் போன்ற தனிமங்கள்) ஆகிய மூன்றும் பார்க்கப்படும். ஆலசன் மிகுந்திருந்தால் குளோரின் கரைப்பான் கலந்திருக்கிறது என்று கொள்ளலாம். பயன்படுத்திய எண்ணெய்க்கான கூட்டாட்சி விதியே மில்லியனில் 1,000 பங்கைத் தாண்டினால் அபாயக் கழிவு கலந்ததாக ஊகிக்கிறது. கச்சா எண்ணெய்க்கு அந்த ஊகம் பொருந்தாது என்றாலும், சந்தேகிக்க அது நல்ல எல்லைக்கோடு.

மறுமொழி 4 (ஆய்வக வேதியியலர், ஓக்லஹோமா)

இயக்குநர் சொன்னதோடு ஒரு நுணுக்கத்தைச் சேர்க்கிறேன். கலப்பு விதியை எல்லோரும் ஒருமுறையாவது தவறாகப் படிக்கிறார்கள். பட்டியலிடப்பட்ட அபாயக் கழிவு விலக்குப் பெற்ற வண்டலோடு கலந்தால், முழுத் தொட்டியும் அபாயக் கழிவாகிவிடும். பட்டியலில் இல்லாத, ஆனால் தீப்பற்றும் தன்மை போன்ற அபாயக் குணம் உள்ள கழிவு கலந்தால், கலவையில் அதே குணம் இன்னும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் விலக்குப் போயிற்று.

பென்சீனை வைத்துப் பாருங்கள். கழிவிலிருந்து எவ்வளவு கரைந்து வெளியேறுகிறது என்று பார்க்கும் கசிவுச் சோதனையில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்பது அபாயக் கழிவுக்கான எல்லை. கச்சா எண்ணெய் வண்டல் தானாகவே இதைத் தாண்டக்கூடும். உற்பத்தியில் பிறந்ததால் அது விலக்குக்குள்ளேயே நிற்கும். ஆனால் அதைத் தரையில் கொட்டினால் நிலத்தடி நீர், இது விலக்குப் பெற்ற பென்சீன், அது விலக்குப் பெறாத பென்சீன் என்று வேறுபடுத்திப் பார்க்காது. எனவே சட்டத்துக்காக ஒரு சோதனையும், நிலத்துக்காக ஒரு சோதனையும் என்று இரண்டையும் தனித்தனியே திட்டமிடுங்கள்.

மறுமொழி 5 (சிறு நிலைய உரிமையாளர், வடக்கு டகோட்டா)

நீங்கள் எல்லோரும் சொல்வது சரி. ஆனால் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். ஒவ்வொரு சுமைக்கும் சோதனை, ஒவ்வொரு தொட்டிக்கும் தடுப்புச் சுவர், நிலையத்தை மூடும் செலவுக்கு முன்கூட்டியே கட்டும் பெரிய பிணைத்தொகை என்று விதி ஏறிக்கொண்டே போனால், என் போன்ற சிறு நிலையங்கள் மூடப்படும். அப்போது அடிவண்டல் மறைந்துவிடாது. நூறு மைல் தொலைவில் உள்ள பெரிய நிலையத்துக்கு அனுப்பச் செலவு மிகும்; சிலர் அனுப்பாமலே குழியில் புதைப்பார்கள், இரவில் சாலையோரத்தில் திறந்துவிடுவார்கள். கடுமையான விதி என்பது வேறு, நல்ல விதி என்பது வேறு. அருகில் முறையான நிலையம் இருப்பதே பாதி பாதுகாப்பு என்று நான் நம்புகிறேன்.

மறுமொழி 6 (சுற்றுச்சூழல் சட்ட ஆலோசகர், கொலராடோ)

உங்கள் கவலை உண்மையானது. அதை நான் தள்ளிவிடவில்லை. உங்கள் மாநிலமே அதற்குச் சான்றும் தருகிறது. 2014இல் நூனன் என்ற சிற்றூரில், கைவிடப்பட்ட எரிபொருள் நிலையக் கட்டடத்துக்குள் எண்ணெய் வயல் நீரை வடிகட்டிய, கதிரியக்கம் கொண்ட உறைகள் மூட்டை மூட்டையாகக் கண்டெடுக்கப்பட்டன. முறையாகக் கொடுக்க இடமில்லாதபோது, இருந்தாலும் தொலைவில் இருந்தபோது, கழிவு போய்ச்சேர்ந்த இடம் அது. பின்பு 2016இல் மாநிலம், சிறப்புக் குப்பைக்கிடங்குகள் ஏற்கக்கூடிய கழிவில் ரேடியம் என்னும் கதிரியக்கத் தனிமத்தின் எல்லையைக் கிராமுக்கு 5 பிகோகியூரியிலிருந்து 50 ஆக உயர்த்தியது. அந்த உயர்வைப் பற்றி இருவேறு கருத்து உண்டு. இடம் கொடுக்காமல் தடை மட்டும் போட்டால் என்ன நடக்கும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

ஆனாலும் இங்கிருந்து நான் வந்தடையும் முடிவு வேறு. சுமையைக் குறைக்க வேண்டுமானால் சோதனைகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம்: ஒரே குத்தகை நிலத்திலிருந்து ஆண்டு முழுதும் வரும் வண்டலுக்கு ஒருமுறை முழுச் சோதனையும், பின்னர் சுருக்கச் சோதனையும் போதும் என்று விதி சொல்லலாம். பிணைத்தொகையில் மட்டும் கைவைக்கக் கூடாது. மெழுகும் மணலும் நிறைந்த தொட்டிகளை விட்டுவிட்டு ஒரு நிறுவனம் ஒரே இரவில் திவாலாகிவிட்டால், அதன்பின் அந்த இடத்தைத் துப்புரவாக்கும் சுமை அரசின் தலையில்தான். டெக்சாஸ் வணிகக் கழிவு நிலையங்களுக்கு நிலையத்தை மூடும் அதிகபட்சச் செலவைப் பொறியாளர் மதிப்பிட்டுத் தர வேண்டும் என்று கேட்பது எனக்குச் சரியான முறையாகத் தோன்றுகிறது. தொட்டிகள் எல்லாம் நிரம்பியிருக்கும் நாளை வைத்து மதிப்பிட வேண்டும். பழைய இரும்பை விற்று வரும் பணத்தை அதில் கழிக்கக் கூடாது.

மறுமொழி 7 (சிறு நிலைய உரிமையாளர், வடக்கு டகோட்டா)

சுருக்கச் சோதனை என்ற யோசனையை ஏற்கிறேன். பிணைத்தொகையை நிலையத்தின் கொள்ளளவுக்கு ஏற்ப வைத்தால் எனக்கு மறுப்பில்லை; எல்லாருக்கும் ஒரே தொகை என்பதையே எதிர்க்கிறேன். ரேடியம் பற்றிச் சொன்னதும் நியாயமே. தொட்டி அடியில் படியும் உப்புப் பொருக்கில் ரேடியம்-226, ரேடியம்-228 இரண்டும் சேர்கின்றன. என் ஆட்கள் தொட்டிக்குள் இறங்குவதற்கு முன் கதிரியக்க அளவி பிடித்துப் பார்ப்பதை இப்போது கட்டாயமாக்கியிருக்கிறேன்.

மறுமொழி 8 (நில உரிமை ஆலோசகர், யூட்டா)

இழையைத் தொடங்கிய நண்பருக்கு ஓர் எச்சரிக்கை. யூயின்டா வடிநிலத்தில் மாநில அனுமதி எல்லா நிலத்துக்கும் பொருந்தாது. யூயின்டா-ஊரே ஒதுக்கீட்டு நிலம் அங்கே இருக்கிறது. யூட் பழங்குடியினரின் ஆட்சி எல்லைக்குள் உட்செலுத்துக் கிணறு வேண்டுமென்றால் மாநிலத்திடம் அல்ல, கூட்டாட்சி முகமையிடம் போக வேண்டும். நிலையம் எங்கே நிற்கிறது என்பதோடு, பிரித்தெடுத்த உப்புநீர் எந்தக் கிணற்றுக்குப் போகிறது என்பதையும் நில வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சொற்களைப் பற்றியது. கூட்டாட்சி நில மேலாண்மைப் பணியகத்தின் விதிகளில் ‘கழிவு எண்ணெய்’ என்றால் பொருளாதார மதிப்பே இல்லாதது, மீட்பாளரிடம் விற்கவும் முடியாதது என்று பொருள். வழக்கமாக வாங்குவோர் ஏற்காமல் மீட்பாளரிடம் விற்கப்படுவதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஸ்லாப் எண்ணெய்’. யூட்டாவின் விதி கழிவுக் கச்சா எண்ணெய் என்று அழைப்பது பெரும்பாலும் பணியகத்தின் ஸ்லாப் எண்ணெய்தான். கூட்டாட்சிக் குத்தகையிலிருந்து வரும் சுமைக்குத் தவறான சொல்லை எழுதினால், ராயல்டி செலுத்த வேண்டிய எண்ணெயை மதிப்பற்றது என்று அறிவித்ததாகிவிடும். சரக்குச் சீட்டில் சொல்லைக் கவனித்து எழுதச் சொல்லுங்கள்.

எண்ணெய்க் கசிவுத் தடுப்புத் திட்டமும் தனியாக வேண்டும். தரைக்கு மேல் 1,320 கேலனுக்கு மேல் எண்ணெய் வைத்திருந்து, கசிந்தால் நீர்நிலையை எட்டக்கூடிய எந்த இடத்துக்கும் அது கூட்டாட்சிக் கட்டாயம். ஒரு பீப்பாய் 42 கேலன் என்பதால், நீங்கள் முதல் தொட்டியிலேயே அதைத் தாண்டிவிடுவீர்கள். மாநில அனுமதி கிடைத்தது என்பதற்காக இது நீங்காது.

இழையைத் தொடங்கியவர்

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி சொல்லச் சொற்கள் போதவில்லை. நான் செய்யப்போவதை எழுதுகிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

விதி கேட்டாலும் கேட்காவிட்டாலும், கட்டுமானத்துக்கு முன்பே மண், நிலத்தடி நீர் மாதிரிகளை எடுத்து விண்ணப்பத்தோடு இணைக்கிறேன். பின்னாளில் ஒரு கறை தெரிந்தால் அது நம்முடையதா, முன்பே இருந்ததா என்ற வழக்குக்கு இடமிருக்காது. இறக்கும் இடத்தில் தனித் தொட்டியையும் மூன்று சோதனைகளையும் வரைபடத்திலேயே காட்டுகிறேன். கைமாறிய பின் பிறந்த வண்டலை ஏற்கமாட்டோம் என்று அனுமதியின் நிபந்தனையாகவே எழுதச் சொல்லிக் கேட்கப்போகிறேன். மூடும் செலவை நிரம்பிய தொட்டிகளை வைத்துக் கணக்கிடுகிறேன்.

மாத அறிக்கைக்கு மட்டும், உள்ளே வந்த பீப்பாயும் விற்ற பீப்பாயும் என்று இரண்டு பத்திகள் வைத்திருக்கிறேன்.

மறுமொழி 9 (ஓய்வுபெற்ற வயல் பொறியாளர், டெக்சாஸ்)

அந்த இடத்தில் மட்டும் திருத்தம் சொல்கிறேன், தம்பி. இரண்டு பத்தி போதாது, நான்கு வேண்டும். உள்ளே வந்தது, விற்ற எண்ணெய், கிணற்றுக்குப் போன நீர், குப்பைக்கிடங்குக்குப் போன கசடு. தொட்டிகளில் மாத இறுதியில் இருப்பதையும் அளந்து சேர்த்துக்கொண்டால் இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமாக வர வேண்டும். அந்நாளில் நாங்கள் எண்ணெய்ப் பத்தியில் மட்டும் கண் வைத்தோம். விற்றது வந்ததைவிட மிகுந்திருந்தால் சூடான எண்ணெய் உள்ளே நுழைந்திருக்கிறது என்று பிடித்தோம். கசடுப் பத்தியை ஒருவரும் பார்க்கவில்லை. வந்த வண்டலில் பத்தில் ஒரு பங்கு மணல் என்று வாசல் சோதனை சொல்லி, ஆறு மாதமாக ஒரு லாரிக் கசடும் வெளியே போகவில்லை என்றால், அந்த மணல் வேலிக்குள்தான் எங்கோ கிடக்கிறது. ஆய்வாளர் வந்து தோண்டித்தான் அதை அறிய வேண்டும் என்பதில்லை.

இழையைத் தொடங்கியவர்

புரிந்தது, ஐயா. நான்கு பத்திகளோடு, வாசல் சோதனையில் கண்ட மணல் விழுக்காட்டையும் ஒவ்வொரு சுமைக்கும் எதிரே எழுதும்படி படிவத்தை மாற்றிவிட்டேன். அதை விண்ணப்பத்தின் இணைப்பாகவே நாளை அனுப்புகிறேன்.